புத்தளக் கரையில் கூடாரமிட்டுத் தங்க ஒரு பருவத்தைத் திட்டமிடுவது எப்படி?

'முகாம்' என்ற சொல்லை எங்கள் வீட்டில் பொழுதுபோக்குக்குப் பயன்படுத்துவதில்லை. இராணுவ முகாம், அகதி முகாம், நலன்புரி முகாம், தடுப்பு முகாம் என்று அந்தச் சொல்லுக்கு முன்னால் வந்து நின்றவை அத்தனையும் எங்களுக்குத் தெரியும். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் மாதக்கணக்காகக் கூடாரத்துக்குள் இருந்த ஒருவரிடம் போய், "வாங்கோ, சனி ஞாயிறு கடற்கரையில் கூடாரம் அடித்துத் தங்குவோம்" என்று சொன்னால் அவர் எங்களை ஒருமாதிரித்தான் பார்ப்பார். அந்தப் பார்வை நியாயமானது.

அப்படியிருந்தும் கடந்த சில வருடங்களாக நாங்கள் போய்வருகிறோம். வவுனியாவிலிருந்து இரண்டு குடும்பங்கள், ஒரு வான், அதன் பின்னால் கொழுவிய ஒரு சிறிய ட்ரெய்லர். போகுமிடம் புத்தளம் மாவட்டக் கரை. ஒரு பருவத்தில் ஐந்தாறு தடவைகள், ஒவ்வொரு தடவையும் ஓரிரு இரவுகள். எப்போது போவது, எங்கே தங்குவது, யாரிடம் கேட்பது, பெட்டியில் எதை ஏற்றுவது என்று தெரிந்தவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

அந்தக் கூடாரத்துக்கும் இந்தக் கூடாரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான். இதற்குள் நாங்கள் நினைத்த நாளில் போகிறோம், நினைத்த நேரத்தில் திரும்புகிறோம். திட்டமிடுவது அந்தச் சுதந்திரத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். மழையில் சிக்கி, மற்றவரின் கரையில் சண்டை பிடித்து, தண்ணீருக்கு அலைந்து திரிந்தால் அது பழைய நினைவுகளைத்தான் திரும்பக் கொண்டுவரும்.

ஏன் புத்தளம்?

வடக்கே மோதரகம் ஆற்றிலிருந்து தெற்கே மா ஓயா வரை நீளும் கரை இது. வன்னியிலிருந்து ஒரு நாளுக்குள் போய்ச் சேரலாம். வருடத்தின் பெரும்பகுதி வறண்ட வானிலை. திறந்த கடல், அமைதியான களப்பு, ஆறு, காடு ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று கிட்டவே கிடைக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, கற்பிட்டியிலிருந்து புத்தளம், முந்தல், உடப்பு வரை தமிழில் கதைத்து இடம் கேட்கலாம், வழி கேட்கலாம், கிணற்றில் தண்ணீர் அள்ளலாமா என்று கேட்கலாம். இரவில் தெரியாத இடத்தில் தங்கும்போது பெரியவர்களுக்கு இது எவ்வளவு ஆறுதல் என்பதைப் போய்ப் பார்த்தால்தான் விளங்கும்.

நாட்காட்டியை விடக் காற்று முக்கியம்

இந்தக் கரையில் இரண்டு காற்றுகள் ஆட்சி செய்கின்றன. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை சோளகம். தென்மேற்கிலிருந்து வீசும் இந்தக் காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலையில் சறுக்கும் விளையாட்டுக்கு வெளிநாட்டவர்கள் கற்பிட்டிக்கு வருவது இந்தக் காற்றுக்காகத்தான். அவர்களுக்கு வாய்ப்பான காற்று எங்கள் கூடாரத்துக்கு எதிரி. முளை அடித்த மணலோடு சேர்த்துத் தறப்பாளைத் தூக்கிப் போகும்.

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. புத்தளத்தின் வருட மழையில் பெரும்பங்கு இந்த மாதங்களில்தான் கொட்டுகிறது. வங்காள விரிகுடாவில் புயல்கள் உருவாகும் காலமும் இதுவே. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் வெள்ளம் இந்த மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. நவம்பரில் விடுமுறை கிடைத்தாலும் கூடாரத்தை வீட்டிலேயே வையுங்கள்.

மிஞ்சுவது ஜனவரி நடுப்பகுதியிலிருந்து சித்திரைப் புத்தாண்டுக்கு முன் வரையான காலம். ஏறக்குறைய மூன்று மாதங்கள். வாடைக் காற்று வீசினாலும் மேற்குக் கடல் இக்காலத்தில் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். காலையில் கடல் அடங்கியிருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு காற்று ஏறும். படகுப் பயணம், குளியல் எல்லாவற்றையும் காலையில் முடித்துவிட்டுப் பின்னேரத்தைக் கரைக்கு ஒதுக்குங்கள். ஏப்ரல் பிறந்ததும் வெக்கை கூடும், பின்னேரங்களில் இடிமழை வரத் தொடங்கும். அதுவே பருவம் முடிகிறது என்பதற்கு அடையாளம்.

தூரமும் நாட்களும்

வவுனியாவிலிருந்து அநுராதபுரம் சுமார் 55 கிலோமீற்றர், அங்கிருந்து புத்தளம் சுமார் 75. புத்தளத்திலிருந்து பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி போய்ச்சேர இன்னும் 45 முதல் 50 கிலோமீற்றர். பெட்டியை இழுத்துக்கொண்டு, இடையில் தேத்தண்ணிக்கு நின்று போனால் ஐந்து மணித்தியாலம் வேண்டும். வெள்ளிக்கிழமை வேலை முடித்துப் புறப்பட்டால் நொச்சியாகமத்துக்கும் புத்தளத்துக்கும் இடையிலுள்ள காட்டுப் பகுதியை இரவில் கடக்க நேரிடும். அந்த வீதியில் யானை குறுக்கிடும். பின்னால் பெட்டியை வைத்துக்கொண்டு அவசரமாக வாகனத்தைப் பின்னோக்கி எடுக்க முடியாது. ஆகையால் சனி விடியப் புறப்பட்டு ஞாயிறு மத்தியானம் திரும்புவதே எங்கள் வழக்கம். இரண்டு இரவுகள் வேண்டுமென்றால் பௌர்ணமி விடுமுறையோ, பெப்ரவரி 4 போன்ற பொது விடுமுறையோ வார இறுதியோடு ஒட்டிவரும் நாட்களைப் பருவத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்து வைக்கிறோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்களுக்கு ஒரு வழிக்கே 300 கிலோமீற்றருக்கு மேல். ஓர் இரவுக்காக அவ்வளவு தூரம் ஓடுவது உடம்புக்கு ஆகாது. பருவத்தில் இரண்டு நீண்ட விடுமுறைகளை மட்டும் தெரிவுசெய்யுங்கள்.

மன்னார்க்காரர்களுக்கு ஒரு சொல். எலுவன்குளம் ஊடாக வில்பத்துவைக் குறுக்கறுத்துப் போகும் பழைய வீதி வழக்குகளிலும் விவாதங்களிலும் நீண்டகாலமாக அகப்பட்டிருக்கிறது. மழைக்காலத்தில் ஆறுகள் பெருகினால் கடக்கவும் முடியாது. வரைபடத்தில் குறுக்குவழி போலத் தெரிந்தாலும் அதை நம்பிப் பெட்டியோடு புறப்பட வேண்டாம். மதவாச்சி, அநுராதபுரம் வழியே நிச்சயமான வழி.

தங்குமிடங்கள்

முதலாவது, கற்பிட்டிக் குடாநாட்டின் களப்புப் பக்கம். ஏத்தாளை, குறிஞ்சிப்பிட்டி போன்ற ஊர்கள் இந்தப் பக்கத்தில் உள்ளன. தண்ணீர் ஆழமில்லாதது, அலை இல்லை, சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது. பின்னேரம் நுளம்பு அதிகம். முதல் பயணத்தை இங்கே வைத்துக்கொண்டால், மறந்துபோன பொருட்களை வாங்கக் கடைகளும் கிட்டவே இருக்கும்.

இரண்டாவது, குடாநாட்டின் கடல் பக்கம். ஆலங்குடா, கண்டக்குழிப் பகுதிகளில் சிறிய விடுதிக்காரர்கள் தங்கள் காணிகளில் கூடாரம் அடிக்க இடம் தருகிறார்கள். கழிப்பறை, குளிக்கத் தண்ணீர், இரவில் ஓர் ஆள் காவல் என்பவை இதில் கிடைக்கும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஓங்கில்களைப் பார்க்கப் படகில் கூட்டிப்போவார்கள். நூற்றுக்கணக்கில் கூட்டமாக வரும் ஓங்கில் இனம் இங்கே பெயர்பெற்றது. எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று பார்த்த பிறகே படகில் ஏறுங்கள். கடலுக்குள் இருக்கும் பவளப் பாறைத் தொடர் 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதில் கால் வைப்பதோ, ஒரு துண்டைக்கூட உடைத்து எடுப்பதோ கூடாது. கற்பிட்டி நகரில் 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை கடற்படையின் பொறுப்பில் உள்ளது. அனுமதி கேட்டே உள்ளே போகவேண்டும், அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

மூன்றாவது, வனாத்தவில்லுப் பக்கம், கலா ஓயாக் கரையிலுள்ள கங்கைவாடி. ஆறு களப்பில் கலக்கும் இடத்தில் அடர்ந்த கண்டல் காடு. படகில் ஒரு மணித்தியாலம் போய்வந்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்ததைக் கண்ணால் பார்ப்பார்கள். ஆற்றில் முதலை உண்டு, காட்டில் யானை உண்டு. உள்ளூர்க்காரர் ஒருவரின் காணியில், அவர் காட்டும் இடத்தில் மட்டும் தங்குங்கள். அவர் குளிக்கச் சொல்லாத இடத்தில் காலைக்கூட நனைக்க வேண்டாம்.

இங்கிருந்து வில்பத்து தேசியப் பூங்காவின் எலுவன்குளம் வாசல் கிட்ட. 1938இல் தேசியப் பூங்காவான இந்தக் காட்டின் கதை எங்கள் போரின் கதையோடு பின்னியது. 1980களில் மூடப்பட்டது, 2003இல் திறந்தது, 2006 மே மாதம் கண்ணிவெடியில் பார்வையாளர்கள் கொல்லப்பட மறுபடி மூடப்பட்டது, 2010இல் திரும்பத் திறந்தது. உள்ளே தங்குவதானால் வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிவுசெய்து, அவர்கள் ஒதுக்கும் இடத்தில்தான் கூடாரம் அடிக்கலாம். பெட்டியை வெளியே பாதுகாப்பான இடத்தில் விட்டுவிட்டு, ஜீப்பில் பகல் பயணமாகப் போய்வருவதே குடும்பங்களுக்கு வசதி. வாகனத்தை விட்டு இறங்கக்கூடாது என்ற விதியைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். பூங்காவின் வடமேற்குக் கரையில் குதிரைமலை இருக்கிறது. அல்லி அரசாண்ட இடம் என்று மரபுக் கதை சொல்லும் சிவந்த மண் முனை அது.

நான்காவது, தலவில. புனித அன்னம்மாள் திருத்தலத்தில் மார்ச்சிலும் ஓகஸ்டிலும் பெருவிழா. தமிழரும் சிங்களவருமாகப் பல்லாயிரக்கணக்கான குடும்பங்கள் வந்து, கிடுகுக் கொட்டில்களிலும் கூடாரங்களிலும் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, பூசை கண்டு போவது பரம்பரை வழக்கம். மடுவுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. கூடாரம் என்றால் துன்பம் என்று மட்டும் தெரிந்த பெரியவர்களுக்கும், கூடாரத்தையே பார்த்திராத பிள்ளைகளுக்கும், சனம் விரும்பிக் கூடாரத்தில் தங்கும் ஓர் இடத்தைக் காட்ட வேண்டுமென்றால் மார்ச் விழாவை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆலய நிர்வாகத்திடம் திகதியையும் இடத்தையும் முன்பே கேளுங்கள். விழாவுக்குப் போகாதவர்கள் அந்த வார இறுதியில் கற்பிட்டி வீதியையே தவிர்ப்பது நல்லது.

ஐந்தாவது, முந்தல், உடப்பு, சிலாபம். உடப்பு பழைமையான தமிழ் மீனவக் கிராமம். திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பு ஆடி மாதத்திலும், முன்னேஸ்வரத்தின் மகோற்சவம் ஓகஸ்ட், செப்டெம்பரிலும் வருகின்றன. அவை சோளகக் காலத்துத் திருவிழாக்கள். அப்போது கூடாரத்தை நம்பாமல், தெரிந்தவர் வீட்டில் தங்குங்கள். கூடாரப் பருவத்தில் போனால் கூட்டமில்லாமல் முன்னேஸ்வரத்தைக் கும்பிட்டு, உடப்பில் அன்று பிடித்த மீன் வாங்கிச் சமைக்கலாம்.

இந்தக் கரை யாருடையது?

காலியாகத் தெரியும் கடற்கரை காலியானது அல்ல. நாங்கள் தங்க விரும்பும் அதே அமைதியான மாதங்கள்தான் இந்தக் கரையின் கரைவலைக் காலமும். ஒவ்வொரு வலைக்கும் 'பாடு' என்று கரையில் ஒரு பகுதி உண்டு. வலையின் இரண்டு கயிறுகளும் வந்து சேரும் அந்த மணலில் ஆட்கள் நின்று இழுப்பார்கள், சில இடங்களில் உழவு இயந்திரமும் ஓடும். அங்கே கூடாரம் அடிப்பது ஒருவரின் வயலுக்கு நடுவில் பாய் விரித்துப் படுப்பதற்குச் சமம். சம்மாட்டியாரையோ, வலை தைத்துக்கொண்டிருப்பவரையோ கண்டு, "ஐயா, எங்கே போட்டால் உங்களுக்குக் கரைச்சல் இல்லை?" என்று கேளுங்கள். காற்றுப் படாத, அலை ஏறாத இடத்தை அவரே காட்டுவார்.

இதைக் கேட்டுச் செய்வதற்கு எங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சோளகம் தொடங்கி மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது சிலாபம், நீர்கொழும்பு, உடப்புப் பகுதி மீனவர்கள் கிழக்குக் கரைக்கு இடம்பெயர்ந்து வாடி அடிப்பது நெடுங்காலப் பழக்கம். போருக்குப் பிறகு முல்லைத்தீவுக் கரையில் வெளியிடத்து வாடிகளால் எழுந்த மனக்கசப்பை இதை வாசிக்கும் பலர் நேரில் அறிவார்கள். கேட்காமல் வந்து குந்துவது எப்படி இருக்கும் என்று தெரிந்த நாங்கள், மற்றவர் கரையில் அதைச் செய்யக்கூடாது.

கற்பிட்டிக் குடாநாட்டில் இன்னொரு வரலாறும் குடியிருக்கிறது. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியபோது, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் தஞ்சமடைந்தது புத்தளம் மாவட்டத்தில். மன்னாரிலிருந்து பலர் படகுகளில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். கிடுகுக் கொட்டில் முகாம்களில் தொடங்கிய அந்த வாழ்க்கை பலருக்கு இருபது, முப்பது வருடங்களாக நீண்டது. நீங்கள் தேங்காய் வாங்கும் கடைக்காரர் எருக்கலம்பிட்டிக்காரராகவோ, யாழ்ப்பாணம் சோனகதெருக்காரராகவோ இருக்கலாம். "எந்த ஊர்?" என்று அவர் கேட்டால் ஊரின் பெயரைச் சொல்லுங்கள். அவர் சொல்லத் தொடங்கினால் இருந்து கேளுங்கள். தங்களுடைய கூடாரக் காலத்தைப் பற்றி அவர்களுக்கும் சொல்ல இருக்கிறது.

2026, 2027ஆம் ஆண்டுகளில் நோன்பு மாதம் பெப்ரவரி, மார்ச்சுக்குள் வருகிறது. அந்த வாரங்களில் முஸ்லிம் ஊர்களை அண்டித் தங்கினால் பகலில் வெளியே அடுப்பு மூட்டுவதையும், சத்தமாகப் பாட்டுப் போடுவதையும் தவிர்க்கவேண்டும். பகலில் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பெட்டி

வன்னியில் பெட்டி ஏற்றுவதை யாரும் எங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஒரு வீட்டையே ஏற்றி ஊர் ஊராக இழுத்த சனம். எதை அடியில் வைப்பது, எதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பது என்பது கைகளுக்கே தெரியும். அந்த அறிவோடு, வேகமாக ஓடும் வாகனத்தின் பின்னால் கொழுவும் பெட்டிக்குச் சில கணக்குகள் கூடுதலாக வேண்டும்.

பெட்டிக்கும் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு வேண்டும். இலக்கத் தகடு, பின்விளக்கு, பிரேக் விளக்கு, திரும்பும் விளக்கு ஆகியவை எரிய வேண்டும். உங்கள் காப்புறுதி, பெட்டியை இழுக்கும்போதும் செல்லுபடியாகுமா என்று எழுத்தில் கேட்டு வையுங்கள். கொழுவிக்கு மேலதிகமாக ஒரு பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம் போடுங்கள்.

பாரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொழுவியில் இறங்கவேண்டும். ஏற்றிய பெட்டி 250 கிலோ என்றால் கொழுவிப் பக்கம் 25 கிலோ அளவில். கொழுவியின் கீழே ஒரு கட்டையை நிறுத்தி, அதற்கடியில் சாதாரணத் தராசை வைத்துப் பார்க்கலாம். பாரமானவை சில்லு அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு. பின்பக்கம் பாரம் கூடினால் வேகத்தில் பெட்டி வாலாட்டும், வாகனத்தையும் சேர்த்து ஆட்டும். அப்படி ஆடினால் பிரேக்கை மிதிக்காமல், சுக்கானை நேராகப் பிடித்து, வேகத்தைத் தானாகக் குறையவிடுங்கள்.

பெட்டியை மணலுக்குள் இறக்காதீர்கள். கிரவல் முடியும் இடத்தில் நிறுத்திவிட்டுச் சாமான்களைக் கையால் சுமந்து போவது, புதைந்த பெட்டியை ஊர்க்காரரைக் கூப்பிட்டு இழுப்பதை விடச் சுலபம். வீடு திரும்பிய அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பக்கம், சில்லு, கொழுவி எல்லாவற்றையும் கழுவுங்கள். உப்புக் காற்று ஒரு பருவத்திலேயே இரும்பைத் தின்னும். பருவத்துக்கு முன்னும் பின்னும் சில்லுகளின் பெயாரிங்குக்குக் கிறீஸ் போடவேண்டும். பெட்டியின் சில்லுக்கு ஒரு மேலதிகச் சில்லும் வேண்டும், வானின் சில்லு அதற்குப் பொருந்தாது.

தண்ணீர், சமையல், உடல்நலம்

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லீற்றர் என்று கணக்கெடுங்கள். ஐந்து பேருக்கு இரண்டு நாட்களுக்கு 40 லீற்றர், அதாவது 40 கிலோ. இதைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். கற்பிட்டிக் குடாநாட்டின் மணலில் பசளை போட்டு மரக்கறி தீவிரமாகப் பயிரிடுவதால் நிலத்தடி நீரில் நைத்திரேற்று அதிகம் என்று ஆய்வுகள் பல சொல்லியிருக்கின்றன. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கிணற்றுத் தண்ணீரைத் தொடவே வேண்டாம். குளிக்க, கழுவ அது போதும்.

காஸ் அடுப்பும் காற்றுத் தடுப்பும் கொண்டுபோங்கள். விறகுக்காகக் கண்டல் மரத்தையோ பற்றையையோ வெட்டக்கூடாது. மண்ணெண்ணெய் விளக்கும், மெழுகுதிரியும், காஸ் அடுப்பும் கூடாரத்துக்குள் வேண்டாம், சார்ஜ் லைட் போதும். ஆளுக்கொரு நுளம்பு வலையும், படுக்கத் தரைவிரிப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மிச்சத்தைக் கூடாரத்தில் வைத்துக்கொண்டு படுப்பது, கலா ஓயாப் பக்கத்தில் யானைக்கு அழைப்பு அனுப்புவதற்குச் சமம். குப்பையைக் கட்டி வீட்டுக்கே கொண்டுவாருங்கள்.

நோய், விபத்து, பாம்புக்கடி எதுவானாலும் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். பொலிஸுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் சிலாபத்திலும் அரச வைத்தியசாலைகள் உண்டு. தங்கும் இடத்திலிருந்து எது கிட்ட என்று வெளிச்சம் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு

இதைச் சுற்றுலாக் கையேடுகள் எழுதுவதில்லை, எங்கள் வாசகர்களுக்கு எழுதவேண்டும். வனாத்தவில்லு, எலுவன்குளம் போன்ற காட்டோர ஊர்களில் யானையைத் துரத்த இரவில் யானைவெடி போடுவார்கள். அது எந்த நேரமும் வெடிக்கும், எறிகணை போலவே காதில் விழும். தெரியாமல் இருந்தால் நடுச்சாமத்தில் ஒரு பெரியவர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நிலத்தில் விழுந்து படுப்பார். இருட்டுவதற்கு முன்பே எல்லோருக்கும் சொல்லுங்கள். முடிந்தால் வீட்டுக்காரரையே சொல்லச் சொல்லுங்கள். கடல் பக்கத்தில் கடற்படைப் படகுகளின் விளக்கும் இயந்திரச் சத்தமும் வரும். அதையும் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

எங்கள் அம்மாவுக்காக நாங்கள் செய்த சில ஏற்பாடுகள் மற்றவர்களுக்கும் உதவக்கூடும். வெள்ளைத் தறப்பாளைக் கண்டால் அவருக்கு நெஞ்சு அடைக்கும் என்பதால் பச்சைத் துணிக் கூடாரம் வாங்கினோம். ஒரு பக்கத்தை வலை மட்டும் போட்டு, துணியைச் சுருட்டித் திறந்தே வைக்கிறோம், வெளியே பார்க்க முடிந்தால் அவருக்கு மூச்சு முட்டாது. படுக்கை வாசலோரமாக, செருப்பும் ரோச்சும் கைக்கெட்டும் தூரத்தில். வாகனத்தின் மூக்கு வெளிவழியை நோக்கி, திறப்பு எல்லோருக்கும் தெரிந்த இடத்தில். "எனக்கு ஏலாது, வீட்டுக்குப் போவோம்" என்று யார் சொன்னாலும் காரணம் கேட்காமல் விடிந்ததும் புறப்படுவது என்று இரண்டு குடும்பங்களும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். காட்டோரப் பயணங்களுக்கு அம்மா வருவதில்லை. களப்புப் பக்கத்துக்கு அவரே இப்போது திகதி கேட்கிறார்.

நித்திரை வராமல், பழையவை திரும்பத் திரும்ப வந்து உடம்பே நடுங்குகிறவர்களைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போகாதீர்கள். அவர்களுக்குப் பகல் பயணமே போதும். அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளில் ஆலோசனையும் கேட்கலாம்.

ஒரு பருவத்தின் மாதிரித் திட்டம்

ஜனவரி முதல் இரு வாரங்கள்: பெட்டியின் விளக்கு, சில்லு, கிறீஸ் பார்ப்பது. கூடாரத்தை வீட்டு முற்றத்தில் அடித்து ஓர் இரவு படுத்துப் பார்ப்பது.

ஜனவரி கடைசி வார இறுதி: களப்புப் பக்கம், ஓர் இரவு.

பெப்ரவரி முதற்பகுதி: ஆலங்குடா அல்லது கண்டக்குழி, ஓர் இரவு. ஞாயிறு விடியக் கடலுக்கு.

பெப்ரவரியில் ஒரு நீண்ட விடுமுறை: கங்கைவாடி, இரண்டு இரவுகள். ஒரு பகல் வில்பத்து. மழை பிந்தியிருந்து ஆறு இன்னும் வற்றவில்லையென்றால் இந்தப் பயணத்தை மார்ச்சுக்குத் தள்ளுங்கள்.

மார்ச்: தலவில விழா வார இறுதி. இரண்டு கிழமை கழித்து முந்தல், உடப்பு, முன்னேஸ்வரம்.

ஏப்ரல் முதல் வாரம்: விரும்பினால் களப்புப் பக்கம் கடைசிப் பயணம். புத்தாண்டுக்கு முன் கூடாரத்தை நன்றாகக் காயவைத்து மடித்து, பெட்டியைக் கழுவிக் கிறீஸ் போட்டு நிழலில் நிறுத்துங்கள்.

ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு நாட்களுக்கு முன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பாருங்கள். பிறகு தங்கப்போகும் இடத்துக்காரருக்கு ஒரு அழைப்பு எடுத்து, "காற்று எப்படி, வரலாமா?" என்று கேளுங்கள். வரவேண்டாம் என்றால் நில்லுங்கள். கடல் அங்கேயேதான் இருக்கும், அடுத்த கிழமை போகலாம்.